தவறணைக் கைகள்

தேயிலைக் கன்று ஒன்றை உண்டாக்க ஓர் இலையும், அதன் கீழ் ஓர் அங்குலத்துக்குச் சற்றுக் கூடிய தண்டும் போதும். தாய்ச்செடியைக் கவ்வாத்து வெட்டி நான்கைந்து மாதம் விட்டால் வாளிப்பான கிளைகள் எழும்பும். நுனியில் உள்ள பிஞ்சு ஆகாது. அடியில் பட்டை சிவந்து முற்றிய பகுதியும் ஆகாது. நடுத்துண்டுதான் எடுபடும். இலைக்குச் சற்று மேலே சாய்வாக ஒரு வெட்டு, கீழே தண்டில் இன்னொரு வெட்டு. இலைக் கக்கத்தில் இருக்கும் மொட்டில் கத்தி படக் கூடாது. வெட்டிய துண்டுகள் நேரே தண்ணீர் வாளிக்குள் விழ வேண்டும். அன்றைக்கே அவற்றை மண் நிரப்பிய பொலித்தீன் பைகளில் குத்தி, தண்ணீர் தெளித்து, மேலே கெகில்லப் பன்னத்தால் நிழல் போட வேண்டும். ஒன்பது மாதத்துக்கும் ஒரு வருடத்துக்கும் இடையில் மலையில் வைக்கத்தக்க கன்று தயாராகிவிடும்.

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் இந்த வேலை நடக்கும் இடத்துக்குத் தவறணை என்று பெயர். அங்கே வேலை செய்தவர்களில் பெண்களே அதிகம். தண்டை விரலால் மெல்ல வளைத்துப் பார்ப்பார்கள். எடுக்கலாமா கூடாதா என்பது அந்த வளைவிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிடும். ஏன் என்று கேட்டால் விளக்கம் வராது; வேலையில் பிழையும் வராது.

இன்று அந்தப் பெண்களின் பேத்திகளில் சிலர் இதே வேலையைப் பல்கலைக்கழகத்தில் செய்முறைப் பாடமாகச் செய்கிறார்கள். பலாங்கொடைக்கு அப்பால் பெலிஹுல்ஓயாவில் இருக்கும் சப்ரகமுவ பல்கலைக்கழகத்தின் விவசாய விஞ்ஞான பீடத்தில் ஏற்றுமதி விவசாயத்துக்கென்றே ஒரு துறை உண்டு. வேர் விடச் செய்யும் ஓமோன் எது, மண்ணின் அமிலத்தன்மை 4.5க்கும் 5.5க்கும் இடையில் ஏன் இருக்க வேண்டும், நூறு துண்டுகளில் எத்தனை வேர் பிடித்தன என்று பதிவேட்டில் எழுத வேண்டும். பாட்டியின் விரல் சொன்னதைப் பேத்தி இலக்கத்தில் எழுதுகிறாள். அந்த ஓர் அடியை எடுத்து வைக்க இந்தச் சமூகத்துக்கு மூன்று தலைமுறை பிடித்தது.

தாவரக் கல்வி சப்ரகமுவைக்குப் புதிதல்ல. அது இந்த மண்ணுக்குக் கொண்டுவந்ததைவிட இங்கிருந்து எடுத்துக்கொண்டு போனதே அதிகம். பேராதனைத் தாவரவியல் பூங்கா 1821 இல் அலெக்சாண்டர் மூனின் பொறுப்பில் தொடங்கியது. 1824 இல் அவர் இலங்கைத் தாவரங்களின் பட்டியலை வெளியிட்டார். 1849 முதல் சுமார் முப்பது ஆண்டுகள் அந்தப் பூங்காவை நடத்திய த்வைட்ஸ், 1858க்கும் 1864க்கும் இடையில் பெரிய தாவரத் தொகுப்பொன்றைக் கொண்டுவந்தார். சப்ரகமுவக் காடுகளில் பறித்துக் காயவைத்த செடிகள் இன்றும் பேராதனை உலர்தாவரகத்தில் தாளில் ஒட்டப்பட்டுக் கிடக்கின்றன. ஹென்றி டிரைமன் தொடங்கி, அவர் மறைந்தபின் ஜோசப் ஹூக்கர் முடித்த இலங்கைத் தாவரக் கைநூல் 1893 முதல் 1900 வரை ஐந்து பாகங்களாக வந்தது. அதில் செடிகளுக்குச் சிங்களப் பெயரோடு, கிடைத்த இடங்களில் தமிழ்ப் பெயரும் தரப்பட்டுள்ளது. தமிழர் செடிகளை அறிந்திருந்தார்கள் என்பதற்கு அந்த நூலே சாட்சி. அறிந்ததைப் படித்துப் பட்டம் பெறுவது வேறு சங்கதி.

தோட்டத்தில் அப்போது கல்வி என்பது என்ன? பிள்ளைகளுக்கு எழுத்தறிவிக்க வேண்டும் என்று 1907 ஆம் ஆண்டின் சட்டம் துரைமாருக்குச் சொன்னது. லயத்தின் கோடியில் ஓர் அறை, ஒரு வாத்தியார், ஐந்தாம் வகுப்பு வரை படிப்பு. அதற்கு மேல் மலைதான். 1945 இல் வந்த இலவசக் கல்வி நாட்டின் மற்றப் பிள்ளைகளைத் தூக்கிவிட்டது போலத் தோட்டப் பிள்ளைகளைத் தூக்கிவிடவில்லை. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதே 1970களின் பிற்பகுதியில்தான். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942 இல் பிறந்தது. அங்கே 1947 இல் விவசாயம் தனிப் படிப்பாகத் தொடங்கியது. மறு வருடமே, 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்ட மக்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. விவசாயத் திணைக்களத்தில் வேலை பார்க்க முதலில் பிரஜையாக இருக்க வேண்டும். இந்தியாவோடு செய்த 1964 ஒப்பந்தம், 1988 ஆம் ஆண்டின் சட்டம், கடைசியாக 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் என்று அந்த முடிச்சு முழுதும் அவிழ 55 ஆண்டுகள் ஆயின.

ஆகவே, அன்றைய தோட்டத்தில் தாவர அறிவு இரண்டு வீடுகளில் பிரிந்து கிடந்தது. பங்களாவின் புத்தகத் தட்டில் பேராதனைப் பூங்காவின் பொறுப்பாளர் மெக்மிலன் 1910 இல் எழுதிய வெப்பமண்டலத் தோட்டக்கலை நூல் இருக்கும். பூச்செடிக்கு எப்போது உரம், ரோஜாவை எப்போது கத்தரிப்பது என்று துரை அதைப் பார்த்துச் சொல்வார். செய்வது பங்களாத் தோட்டக்காரர். பத்து வருடம் செய்த பிறகு புத்தகத்தைவிடத் தோட்டக்காரருக்கே கூடத் தெரியும். ஆனாலும் காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் அவர் பெயர் ஒரு நாள் கூலிக்குரிய பெயர்தான்.

இறப்பரிலும் இதே கதை. 1876 இல் கியூ பூங்காவிலிருந்து கண்ணாடிப் பெட்டிகளில் கப்பலேறி வந்த இறப்பர்க் கன்றுகள் கம்பஹாவின் ஹெனரத்கொடையில் நடப்பட்டன. அங்கிருந்து பரவிய மரம் கேகாலை மாவட்டத்தையே தன் பெயரில் எழுதிக்கொண்டது. 1917 அளவில் இந்தோனேசியத் தீவுகளில் இறப்பருக்கு அரும்பொட்டும் முறை வந்தது. நாற்றின் பட்டையைச் சதுரமாகக் கீறித் திறந்து, நல்ல மரத்தின் மொட்டை அதற்குள் செருகி, நாடா சுற்றிக் கட்டுவது. எட்டியாந்தோட்டை, தெரணியகலைப் பக்கத்துத் தோட்டங்களில் இதில் கை தேர்ந்த ஒட்டுக்காரர்கள் இருந்தார்கள். பட்டைக்கும் மரத்துக்கும் நடுவில் இருக்கும் மெல்லிய வளர்படைக்குப் பெயர் உண்டு என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை. அதை ஈரம் காயாமல் சேர்க்க வேண்டும் என்பது மட்டும் தெரியும். ஆர்.ஆர்.ஐ.சி. 100 போன்ற இனங்கள் ஆராய்ச்சி நிலையத்திலிருந்து வந்து மலை முழுதும் நிறைந்தது அந்தக் கைகளால்தான்.

ஆராய்ச்சி நிலையங்களும் தூரத்தில் இருக்கவில்லை. 1925 இல் தொடங்கிய தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் தாழ்நாட்டுப் பிராந்திய நிலையம் இரத்தினபுரி சென்ட் ஜோக்கிம் தோட்டத்தில் இருக்கிறது. இறப்பர் ஆராய்ச்சி நிறுவனத்தின் உபநிலையம் ஒன்று குருவிட்டையில் உண்டு. லயத்திலிருந்து அவற்றின் வாசலுக்கு பஸ்ஸில் போய்விடலாம். உள்ளே ஆய்வாளராகப் போவதற்கு வழி வேறு. அந்த வழி உயர்தர விஞ்ஞான வகுப்பில் தொடங்குகிறது. அந்த வகுப்பு தமிழில் அரிது.

சப்ரகமுவத் தமிழரின் கதையில் இந்த இடத்தில் ஒரு கசப்பான திருப்பம் உண்டு. 1977 இலும் 1981 இலும் ஆகஸ்ட் மாதங்களில் நடந்த வன்செயல்களில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் பல எரிந்தன. கையில் அகப்பட்டதோடு புறப்பட்ட குடும்பங்கள் வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் போய்க் காட்டை வெட்டிக் குடியேறின. தேயிலை தெரிந்த கைகள் அங்கே மிளகாயும் வெங்காயமும் நட்டன. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் 1990 இல் கிளிநொச்சியில் தொடங்கி, போரால் இடம்பெயர்ந்து, போர் முடிந்தபின் அறிவியல்நகருக்குத் திரும்பியது. இன்று இரத்தினபுரியிலிருந்தும் கேகாலையிலிருந்தும் விவசாயம் படிக்கப் போகும் தமிழ்ப் பிள்ளைகளுக்குக் கிடைக்கக்கூடிய இடங்களில் அதுவும் ஒன்று. அன்று உயிருக்குப் பயந்து போன அதே ஊருக்கு இன்று அனுமதிக் கடிதத்தோடு போகிறார்கள்.

இன்றைய வாசல்கள் அன்றைக்கு நினைத்துப் பார்க்க முடியாதவை. பேராதனை, கிளிநொச்சி, வந்தாறுமூலை, மாபலானை, மாகந்துறை, புளியங்குளம், பெலிஹுல்ஓயா என்று விவசாயப் பீடங்கள் நாடெங்கும் இருக்கின்றன. மாகந்துறையில் வயம்பப் பல்கலைக்கழகத்துக்குப் பூங்கனியியலுக்கும் நிலத்தோற்றத் தோட்டக்கலைக்கும் தனித்துறையே உண்டு. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் தேயிலையைப் பட்டப் படிப்பாகவே வைத்திருக்கிறது. சப்ரகமுவ பல்கலைக்கழகமே 1991 இல் இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரியாக, சமனலவெவ நீர்மின் திட்டத்துக்காகக் கட்டப்பட்ட விடுதிகளில் தொடங்கி, 1995 இல் பல்கலைக்கழகமானது. அன்று தோட்டப் பிள்ளைக்குப் பேராதனை என்றால் பள்ளிச் சுற்றுலாவில் பார்க்கும் பூங்கா. இன்று அது விண்ணப்பப் படிவத்தில் எழுதும் ஒரு பெயர்.

ஆனால் அந்தப் படிவத்திலும் மாவட்டம் ஒரு கோடு கிழிக்கிறது. பல்கலைக்கழக இடங்களில் நூற்றுக்கு 40 தீவு முழுதுக்குமான திறமை அடிப்படையில் போகிறது. 55 மாவட்ட மக்கள்தொகை அடிப்படையில். மிச்சம் 5 கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. இரத்தினபுரி அந்தப் பட்டியலில் இருக்கிறது, கேகாலை இல்லை. மலைக்கு இந்தப் பக்கம் தெரணியகலைத் தோட்டத்துப் பிள்ளைக்கும், மலைக்கு அந்தப் பக்கம் எஹெலியகொடைத் தோட்டத்துப் பிள்ளைக்கும் லயம் ஒன்று, பாடசாலையின் நிலை ஒன்று, வெட்டுப்புள்ளி மட்டும் வேறு. கேகாலை நகரத்துப் பெரிய பாடசாலைகளின் பெறுபேற்றோடு சேர்த்துத் தோட்டப் பிள்ளையையும் அளக்கும் இந்தக் கணக்கு நியாயமானது என்று எனக்குத் தோன்றவில்லை.

அதற்கும் முன்னால் நிற்கும் தடை பாடசாலை. இரு மாவட்டங்களிலும் உயர்தரத்தில் விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிக்கும் பாடசாலைகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. வசதியும் துணிவும் உள்ளவர்கள் பிள்ளைகளை ஹட்டனுக்கோ நுவரெலியாவுக்கோ மட்டக்களப்புக்கோ அனுப்புகிறார்கள். மற்றவர்கள் கலைப் பிரிவோடு நின்றுவிடுகிறார்கள். 2013 இல் உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு வந்து, உயிர்முறைமைகள் தொழினுட்பவியல் என்ற பாடம் விவசாயத்துக்கு இன்னொரு படிக்கட்டைப் போட்டது. அதற்கும் ஆய்வுகூடம் வேண்டும், ஆசிரியர் வேண்டும்.

உள்ளே போன பிள்ளைக்கு அடுத்த சோதனை மொழி. விரிவுரை ஆங்கிலத்தில், விடுதிப் பேச்சு சிங்களத்தில், வீட்டுத் தொலைபேசி தமிழில். மூன்றிலும் வாழப் பழகிவிட்ட பட்டதாரி, நான்கு வருடத்தின் முடிவில், அவருடைய பாட்டன் ஒரு மொழியில் அறிந்திருந்த செடியை மூன்று மொழியிலும் இலத்தீனிலும் சொல்கிறார். இது சின்ன வரவல்ல.

இனிச் செடிகளின் பக்கம். அன்று மலையில் இருந்தது விதைத் தேயிலை. ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு விதை, ஆகவே ஒவ்வொரு குணம். ஒன்று முந்திக் கொழுந்து விடும், ஒன்று வரட்சி தாங்கும், ஒன்று சும்மா நிற்கும். ஒரே மலையில் இலையின் பச்சையே பல விதமாக இருக்கும். 1950களுக்குப் பிறகு வீ.பி. என்று தோட்டத்தார் சொல்லும் தண்டுக்கன்று பரவியது. தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பெயரால் டி.ஆர்.ஐ. 2023, 2025, 2026 என்று இலக்கமிட்டு அழைக்கப்படும் இனங்கள் ஹெக்டேயருக்கு 12,500 செடி வீதம் வரிசையாக நடப்பட்டன. விளைச்சல் ஏறக்குறைய இரு மடங்காயிற்று. தாழ்நாட்டில் லட்சக்கணக்கான சிறுதோட்டக்காரர்கள் எழுந்து நின்றது இந்தக் கன்றால்தான். இன்று நாட்டின் தேயிலையில் பெரும்பங்கு அவர்களுடையது. இந்த இலாபத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது.

இழந்தது எது என்பதைத் தாவரப் பாதுகாப்புப் பாடம்தான் சொல்லிக் கொடுக்கிறது. டி.ஆர்.ஐ. 2020 வரிசை இனங்களில் பல, ஏ.எஸ்.எம். 4/10 என்ற ஒரே செடியின் விதையில் பிறந்தவை. மைல் கணக்கில் நிற்கும் தேயிலை உண்மையில் ஒரு சிறிய குடும்பம். நாளை புதிய நோய் ஒன்று வந்தால் அந்தக் குடும்பம் முழுவதும் ஒரே நேரத்தில் படுக்கும். 1869 இல் கோப்பியில் கண்ட இலைத்துரு நோய் அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தப் பயிரையே நாட்டிலிருந்து துடைத்துவிட்டதை இந்த நாடு ஒருமுறை பார்த்திருக்கிறது. 2019 முதல் இறப்பரில் புதிய இலைநோய் ஒன்று பரவி மரங்களை மொட்டையாக்கியதைக் கேகாலை பார்த்தது. பழைய விதைத் தேயிலை மலைகளை விளைச்சல் குறைவு என்று பிடுங்கி எறிகிறோம். வரட்சி தாங்கும் குணமும் நோயை எதிர்க்கும் குணமும் அந்த மலைகளில்தான் இன்னும் கலந்து கிடக்கின்றன.

காட்டின் கதையும் திரும்பியிருக்கிறது. சிங்கராஜவில் 1972 முதல் 1977 வரை ஒட்டுப்பலகைக்காக மரம் வெட்டினார்கள். எதிர்ப்பு வலுத்து வெட்டு நின்றது. 1978 இல் அது உயிர்க்கோளக் காப்பகம், 1988 இல் உலக மரபுரிமை. அன்று ஒரு மரத்தின் கணக்கு கன அடி. 1993 இல் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல் குணதிலக்க, சாவித்திரி குணதிலக்க ஆகியோரின் முயற்சியில் அங்கே 25 ஹெக்டேயர் அளந்து எடுக்கப்பட்டது. ஒரு சென்ரிமீற்றர் தடிப்புக்கு மேற்பட்ட ஒவ்வொரு தண்டுக்கும் இலக்கத் தகடு கட்டப்பட்டது. ஏறத்தாழ 2 இலட்சம் தண்டுகள், 200க்கு மேற்பட்ட இனங்கள். காட்டோரத்தில் 1970களில் நட்ட பைன் மரங்களின் நிழலிலேயே உள்ளூர் மரக்கன்றுகளையும் கித்துலையும் வளர்த்துக் காட்டைத் திரும்ப வரவழைக்கும் பரிசோதனை 1991 இல் தொடங்கிற்று. தாவரப் பாதுகாப்புப் படிக்கும் மாணவர்களுக்கு இன்று இவை கண்ணால் பார்க்கும் பாடங்கள்.

இலங்கையின் பூக்கும் தாவரங்கள் 3,100க்கு மேல்; அதில் கால்வாசிக்கு மேற்பட்டவை உலகில் வேறெங்கும் இல்லாதவை. 2012 ஆம் ஆண்டுச் சிவப்புப் பட்டியல் 177 இனங்களை அழிந்திருக்கக்கூடியவை என்று குறித்தது. பிறகு தேடிப் போனவர்களுக்கு அவற்றில் பல அகப்பட்டன. அழிந்ததாகவே கருதப்பட்ட குருடியா செய்லானிக்கா மரம் 2019 இல் கம்பஹாவின் தரலுவையில் நின்றது; 2021 இல் நெடுஞ்சாலைக்காக அதை வெட்டப் போய் ஊரே பேசியது. கண்டுபிடிக்க வேண்டியது இன்னும் இருக்கிறது என்பதற்கு இதைவிட ஆதாரம் வேண்டாம்.

சப்ரகமுவத் தோட்டங்களைச் சுற்றி இப்படி என்ன இருக்கிறது? வெசாக் மாதத்தை ஒட்டிப் பூப்பதால் வெசாக் மல் எனப்படும் ஓர்க்கிட் இந்த ஈரவலயத்துக்கே உரியது. அன்று மரத்தோடு பிய்த்து வந்து பங்களா வாசலில் கட்டினார்கள். பிய்த்துப் பிய்த்தே அருகிப்போனது. இன்று அத்தகைய ஓர்க்கிட்டை இழைய வளர்ப்பு ஆய்வுகூடத்தில் கண்ணாடிக் குடுவைக்குள் வளர்க்க முடிகிறது. தூசி போன்ற விதையைக் கிருமி நீக்கிய ஊடகத்தில் தூவி, பல மாதம் காத்திருந்து, நகத்தளவு பச்சை தெரியும்போது வேறு குடுவைக்கு மாற்ற வேண்டும். மரமஞ்சளும் வல்லப்பட்டையும் இதே நிலையில் உள்ளவை. வல்லப்பட்டையை அகிலுக்காக இரவில் வெட்டிக் கடத்துகிறார்கள். அது எந்த ஓடைக்கரையில் நிற்கிறது என்று காட்டிலாகாவைவிடத் தோட்டத்து விறகுக்காரருக்குத் தெரியும்.

இங்கேதான் என் மனக்குறை. தோட்டக் கம்பனிகள் இப்போது ரெயின்பொரஸ்ட் அலையன்ஸ் சான்றிதழுக்காக ஓடைக்கரையில் மரம் நடுகின்றன, பலகை வைக்கின்றன. பலகையை வாசித்து விளக்கவும், எந்த மரம் அந்தக் கரைக்குரியது என்று சொல்லவும் தகுதியான பட்டதாரி அதே தோட்டத்து லயத்தில் பிறந்திருக்கிறார். ஆனால் அவர் வங்கியிலோ பாடசாலையிலோ மருந்துக் கம்பனியிலோ இருக்கிறார். தோட்டத்தில் அவருக்கென்று ஓர் உத்தியோகம் இல்லை; சின்னத்துரை வேலைக்கு வேறு வழி, வேறு ஆட்கள். 2021 இல் இரசாயன உரத்தை ஒரே அறிவிப்பில் தடை செய்து, ஏழு மாதத்தில் பின்வாங்கி, 2022 இல் தேயிலை உற்பத்தி 251 மில்லியன் கிலோவுக்கு விழுந்தபோது, மண்ணைப் படித்தவர்களைக் கேட்காமல் செய்ததன் விலை எல்லோருக்கும் தெரிந்தது. தெரிந்த பிறகும் அந்தப் படித்தவர்களைத் தோட்டத்துக்குள் கொண்டுவர யாரும் முனையவில்லை.

இன்னொரு பக்கம் கைகள் போய்க்கொண்டிருக்கின்றன. 1992 இல் தோட்டங்கள் கம்பனிகளிடம் போனபோது வேலையாட்கள் 3 இலட்சத்துக்கு மேல். இன்று அதில் பாதியும் இல்லை. பல தோட்டங்களில் தவறணை மூடப்பட்டு, கன்று வெளியாரிடம் வாங்கப்படுகிறது. 1950களில் இருந்த இறப்பர் நிலத்தில் ஏறக்குறைய பாதியே மிச்சம். கொஞ்ச இடத்தில் முள்ளுத்தேங்காய் எனப்படும் எண்ணெய்ப்பனை ஏறி, 2021 இல் அதுவும் தடையாயிற்று. அரும்பொட்டத் தெரிந்த கடைசித் தலைமுறை ஓய்வு வாங்கி லய வாசலில் உட்கார்ந்திருக்கிறது. பட்டம் வந்து சேர்ந்த நேரத்தில் கைப்பழக்கம் புறப்பட்டுப் போகிறது. இரண்டும் ஒரே தோட்டத்தில் சந்தித்திருக்க வேண்டியவை.

ஆகவே பெலிஹுல்ஓயாவிலும் பேராதனையிலும் கிளிநொச்சியிலும் இறுதியாண்டு ஆய்வுக்குத் தலைப்புத் தேடும் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். வெளிநாட்டுப் பூச்செடியைத் தேடிப் போகாதீர்கள். உங்கள் தோட்டத்தில் மறுநடுகைக்குக் குறிக்கப்பட்ட விதைத் தேயிலை மலை ஒன்று இருந்தால், அதைப் பிடுங்குவதற்கு முன் போய்ச் செடி செடியாகப் பாருங்கள். போகும்போது தவறணையில் வேலை செய்த வயதான அம்மா ஒருவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். எந்தச் செடியில் தண்டு எடுக்கலாம் என்று அவர் காட்டுவார். அதை எழுதி, இலக்கமிட்டு, தண்டு எடுத்து, தேயிலை ஆராய்ச்சி நிறுவனத்தின் இரத்தினபுரி நிலையத்திடம் கொண்டுபோய்க் கொடுங்கள். உங்கள் ஆய்வறிக்கையின் முதல் பக்கத்தில் அந்த அம்மாவின் பெயரையும் போடுங்கள்.